நாலுவழிச்சாலையில் வலது தடம்: புதிதாகக் கார் ஓட்டுகிறவர்களுக்கு

ஊருக்குள் ஓட்டிப் பழகியவர்கள் முதன்முதலாக நாலுவழிச்சாலையில் ஏறியதும் செய்கிற காரியம் ஒன்று உண்டு. இடப்பக்கம் பைக்கும் ஆடும் லோடு ஆட்டோவுமாக இருக்கிறது, வலப்பக்கம் காலியாகக் கிடக்கிறது. நேராக வலது தடத்துக்குப் போய், சென்டர் மீடியனை ஒட்டி, அறுபதில் நிம்மதியாக ஓட்ட ஆரம்பித்துவிடுகிறார்கள். திருநெல்வேலி கே.டி.சி. நகரில் ஏறியவர் தூத்துக்குடி சாலையில் வாகைக்குளம் டோல்கேட் வரைக்கும் அதே தடத்தில் போகிறார். பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள், லைட் அடிக்கிறார்கள், கடைசியில் பொறுமை இழந்து இடப்பக்கமாகப் புகுந்து முந்துகிறார்கள். "நான் பாட்டுக்கு மெதுவாத்தானே போறேன், என்ன தப்பு?" என்பது ஓட்டுகிறவரின் எண்ணம்.

தப்பு இருக்கிறது. அந்த வண்டியை இடப்பக்கமாக முந்துகிறவர் எங்கே போய் விழுவார் என்று பாருங்கள். சாலையோரத்தில் பஸ்ஸுக்கு நிற்கிற ஆட்கள், ஐம்பதில் போகிற பைக், பஞ்சராகி நிற்கிற லாரி, எதிர்த்திசையில் ஓரமாக வருகிற டிவிஎஸ் 50 எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. வலது தடத்தை அடைத்துக்கொண்டு போகிறவர் தாம் யாரையும் இடிக்காமல் வீடு போய்ச் சேரலாம். அவருக்குப் பின்னால் வந்தவர்களை ஆபத்தான பக்கத்துக்குத் தள்ளிவிட்டுத்தான் போகிறார். இந்தக் கட்டுரை முழுக்க நான் வற்புறுத்தப் போவது ஒன்றுதான்: வலது தடத்துக்கு ஒரு காரியமாகப் போங்கள், காரியம் முடிந்ததும் இடது தடத்துக்கு வந்துவிடுங்கள்.

சட்டம் எங்கே நிற்கிறது

இது வெறும் மரியாதைச் சமாசாரம் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 118-ஆம் பிரிவின்கீழ் மத்திய அரசு 2017-இல் ஓட்டுதல் ஒழுங்குமுறைகளை வெளியிட்டது. 1989 முதல் இருந்த பழைய சாலை விதிகளுக்குப் பதிலாக வந்தவை இவை. தடம் போட்ட சாலையில் தடத்துக்குள் ஓட்ட வேண்டும், சைகை காட்டாமல் தடம் மாறக் கூடாது, ஒருவர் நம்மை முந்தும்போது வேகத்தைக் கூட்டியோ வேறு வகையிலோ அவரைத் தடுக்கக் கூடாது என்பதெல்லாம் இதில் அடக்கம். 2019-இல் சட்டத்தைத் திருத்தியபோது, இந்த ஒழுங்குமுறைகளை மீறுவதற்கென்றே 177ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். அபராதம் 500 ரூபாய்க்குக் குறையாமல் 1,000 ரூபாய் வரை. அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் அமலில் இருக்கிறது. உயர்த்தப்பட்ட அபராதத் தொகைகள் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது 2022 அக்டோபரில்.

ஹெல்மெட், செல்போன், அதிவேகம் போல அடிக்கடி காதில் விழுகிற வழக்கு அல்ல இது. அதனாலேயே பலரும் இப்படி ஒன்று இருப்பதையே அறியாமல் ஓட்டுகிறார்கள். வெளிநாடுகளில் இதைக் கண்டிப்பாகப் பார்க்கிறார்கள். பிரிட்டனில் முந்தும் தேவை இல்லாமல் நடுத்தடத்தில் ஒட்டிக்கொண்டே போனால் 2013 முதல் 100 பவுண்டு அபராதமும் லைசென்ஸில் 3 புள்ளிகளும் உண்டு. அமெரிக்காவில் பல மாநிலங்கள் முந்தும் தடத்தில் தங்குகிறவர்களுக்கு டிக்கெட் கொடுக்கின்றன. ஜார்ஜியா மாநிலம் 2014-இல் இதற்கென்றே சட்டத்தைத் திருத்தியது.

அபராதத்தைவிடப் பெரிய விஷயம் ஆம்புலன்ஸ். நாங்குநேரியிலோ வள்ளியூரிலோ அடிபட்டவரை ஏற்றிக்கொண்டு பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு வருகிற 108, கன்னியாகுமரிக்குப் போகிற 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் வலது தடத்தை நம்பித்தான் வருகிறது. அவசர வாகனத்துக்கு வழி விடாமல் போனால் 194இ பிரிவின்படி 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சைரன் கேட்ட பிறகு பதறிக்கொண்டு ஒதுங்குவதைவிட, முன்பே இடது தடத்தில் இருப்பவருக்கு ஒதுங்குகிற வேலையே இல்லை.

ஏறுவதற்கு முன்

மூன்று கண்ணாடிகளையும் சரிசெய்யுங்கள். ஊருக்குள் முன்னால் பார்த்தே ஓட்டிவிடலாம், இங்கே முடியாது. வலது தடத்தில் இருக்கலாமா, வந்துவிட வேண்டுமா என்று சொல்வது கண்ணாடிகள்தான். வெளிக்கண்ணாடியில் உங்கள் வண்டியின் பக்கவாட்டு ஒரு கீற்றாகத் தெரிந்தால் போதும், மீதியெல்லாம் சாலையாக இருக்க வேண்டும். நம் ஊரில் இடப்பக்கக் கண்ணாடியை மடக்கி வைத்தே ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இடது தடத்துக்குத் திரும்ப அதுதான் வேண்டும்.

டயர் காற்றையும் பின் விளக்குகளையும் பாருங்கள். டோலுக்குப் பாஸ்டேகில் பணம் இருக்கட்டும். அவ்வளவுதான்.

சாலையில் சேருவது

சர்வீஸ் ரோட்டிலிருந்தோ கிளைச்சாலையிலிருந்தோ ஏறும்போது இடது தடத்தில் மட்டுமே சேருங்கள். ரெட்டியார்பட்டி, டக்கரம்மாள்புரம் பக்கம் ஏறுகிற பலர், ஏறிய கையோடு ஒரே வீச்சில் இரண்டு தடத்தையும் குறுக்கே வெட்டி மீடியன் பக்கம் போய்விடுகிறார்கள். வலது தடத்தில் எண்பதில் வருகிறவருக்கு அப்போது உங்கள் வண்டி நகராத சுவர் மாதிரிதான். முதலில் இடது தடத்தில் ஏறி, மற்ற வண்டிகள் போகிற வேகத்தை எட்டுங்கள். வலதுக்குப் போகிற யோசனையெல்லாம் அதன் பிறகு.

வளைகுடாவில் ஓட்டிப் பழகி ஊருக்கு வருகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. துபாயிலும் சவுதியிலும் வண்டி வலப்பக்கம் ஓடும், முந்துகிற தடம் இடது கோடியில் இருக்கும். அந்தக் கணக்கு மனதில் தங்கிவிட்டால் இங்கே எல்லாம் தலைகீழாகும். ஊர் வந்து முதல் சில நாட்கள் நாலுவழிச்சாலைக்குப் போகும்போது பக்கத்தில் யாரையாவது உட்காரவைத்துக்கொண்டு போவது நல்லது.

இடது தடத்தில் ஓட்டக் கற்றுக்கொள்வது

"இடப்பக்கம் ஓட்டவே முடியாது அண்ணாச்சி, எல்லாம் குறுக்க வருது" என்று சொல்லாத ஆள் இல்லை. அதில் உண்மையும் இருக்கிறது. நம் சாலைகளில் இடது தடத்தில் தடங்கல் அதிகம். எனவே இடது தடத்தை எப்படி ஓட்டுவது என்று கற்றுக்கொள்ளாமல், வலது தடத்துக்குப் போகாதே என்று மட்டும் சொன்னால் யாருக்கும் பயன் இல்லை.

இடது தடத்தில் ஓட்டும்போது ஓர வெள்ளைக் கோட்டை ஒட்டிப் போக வேண்டாம். தடத்தின் நடுவில் போங்கள். கோட்டுக்கு வெளியே இருக்கிற ஓரப்பகுதி பைக்குக்கும் சைக்கிளுக்கும் நடக்கிறவர்களுக்கும். நடுவில் ஓட்டினால், எதிர்த்திசையில் ஓரமாக வருகிற பைக் உங்களைத் தாண்டிப் போக இடம் கிடைக்கிறது.

பார்வையைத் தூரமாக வையுங்கள். முன்னால் போகிற வண்டியின் பம்பரைப் பார்த்து ஓட்டினால், அது திடீரென்று விலகியபிறகுதான் அங்கே டிராக்டர் போவது தெரியும். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 22 மீட்டர் போகிறீர்கள். முன்வண்டிக்கும் உங்களுக்கும் மூன்று நொடி இடைவெளி என்றால் 66 மீட்டர். முன்வண்டி ஒரு கிலோமீட்டர் கல்லைத் தாண்டும்போது மனதுக்குள் எண்ண ஆரம்பியுங்கள். மூன்று எண்ணுவதற்குள் நீங்களும் அந்தக் கல்லைத் தாண்டினால் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். இந்த இடைவெளியில் யாராவது புகுந்துவிடுவார்களே என்பார்கள். புகட்டும், மறுபடி இடைவெளி விட்டுக்கொள்ளலாம்.

இடது தடத்தில் தடங்கல் கண்ணில் பட்டால் இரண்டே வழிதான்: வேகத்தைக் குறைப்பது, அல்லது வலதுக்குப் போய்த் தாண்டிவிட்டுத் திரும்புவது. ஒரு பைக்கைத் தாண்டப் போனவர், அடுத்த பைக் ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும்போதும் திரும்பாமல் வலதிலேயே கிடப்பதுதான் சிக்கலின் வேர்.

முந்துவது

முதலில், முந்தத்தான் வேண்டுமா என்று பாருங்கள். முன்னால் போகிற லாரி உங்களைவிட ஐந்து கிலோமீட்டர் மட்டும் மெதுவாகப் போகிறது என்றால், அதன் பின்னாலேயே போவதில் நட்டமில்லை. கணக்கைப் பாருங்கள். லாரி 60-இல் போகிறது, நீங்கள் 80-இல் போகிறீர்கள். லாரிக்கு 30 மீட்டர் பின்னாலிருந்து தொடங்கி, அதன் நீளத்தைக் கடந்து, 30 மீட்டர் முன்னால் போய்த் திரும்ப ஏறக்குறைய 14 நொடி ஆகும். அதற்குள் சாலையில் 300 மீட்டர் ஓடியிருப்பீர்கள். அதே லாரியை 65-இல் முந்தினால்? 54 நொடி. கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் தூரம் வலது தடம் உங்களால் அடைபட்டுக் கிடக்கும். ஒரு டாரஸ் லாரி இன்னொரு டாரஸை முந்த நினைக்கும்போது பின்னால் வால் மாதிரி கார்கள் சேர்வது இதனால்தான். சரக்கு வண்டிகளுக்கு 80-க்கு மேல் போகாதபடி வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இருப்பதால், முந்துகிற லாரிக்காரர் நினைத்தாலும் சட்டென்று வேகம் கூட்ட முடியாது.

முந்துவது என்று முடிவெடுத்தால் வரிசை இது. உள்கண்ணாடி, பிறகு வலக்கண்ணாடி. பின்னால் வேகமாக வருகிற வண்டி இருந்தால் அது போகட்டும், அப்புறம் நீங்கள். வலது இண்டிகேட்டரைப் போட்டுச் சில நொடி அது எரியட்டும். இண்டிகேட்டரும் ஸ்டியரிங்கும் ஒரே நேரத்தில் என்றால் அந்த இண்டிகேட்டரால் யாருக்கும் பயன் இல்லை. தலையை லேசாகத் திருப்பி வலத்தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை பாருங்கள். கண்ணாடியில் தெரியாத இடத்தில் பைக் இருக்கலாம். பிறகு லாரியை நெருங்கும் முன்பே, நல்ல தூரத்திலேயே வலது தடத்துக்கு மாறுங்கள். பம்பரை முட்டுகிற அளவு நெருங்கிவிட்டு வெட்டித் திருப்பினால், முன்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கவே வழியில்லை.

பக்கத்தில் போகும்போது தயங்காமல் தாண்டுங்கள். லாரிக்குப் பக்கத்திலேயே அதே வேகத்தில் ஒட்டிப் போவது மோசமான இடம். டிரைவர் கேபினுக்கு உங்களைத் தெரியாது. லாரிக்காரர் இண்டிகேட்டர் போட்டோ கையசைத்தோ "போ" என்றாலும், உங்கள் கண்ணால் பார்த்த பிறகே போங்கள். அந்த இண்டிகேட்டர் வழி விடுவதற்கா, அவர் திரும்புவதற்கா என்று பின்னால் இருக்கிறவருக்குத் தெரியாது.

இந்தப் பக்கத்துச் சாலைகளில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தூத்துக்குடி துறைமுகப் பக்கமிருந்து காற்றாலை இருக்கிற ஊர்களுக்கு காற்றாடி இறக்கைகளை ஏற்றிய நீண்ட டிரெய்லர்கள் வரும். ஒரு இறக்கையே பல கார்களின் நீளம் இருக்கும், வளைவில் அதன் வால்பகுதி வலது தடத்துக்குள் வந்து போகும். நேரான நீண்ட சாலை தெரிகிறவரை அதன் பின்னால் காத்திருங்கள்.

திரும்பி வருவது

முழுக் கட்டுரையிலும் இந்தப் பகுதியைத்தான் புதியவர்கள் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். முந்துவதை எல்லோரும் தானாகக் கற்றுக்கொள்கிறார்கள். திரும்பி வருவதை யாரும் சொல்லித்தருவதில்லை.

முந்திய லாரியின் முன்பக்கம் முழுவதும், இரண்டு ஹெட்லைட்டும் சேர்த்து, உங்கள் உள்கண்ணாடியில் தெரிய வேண்டும். அப்போது இடது இண்டிகேட்டர் போட்டு, இடக்கண்ணாடி பார்த்து, மெல்லச் சாய்ந்து இடது தடத்துக்கு வாருங்கள். வெளிக்கண்ணாடியில் தெரிந்தால் போதாது. அது வண்டியை உண்மையில் இருப்பதைவிடத் தூரத்தில் காட்டும். லாரியின் மூக்குக்கு முன்னால் வெட்டி நுழைவதும் கூடாது. பாரம் ஏற்றிய லாரி உங்களுக்காகப் பிரேக் அடித்தால் உடனே நிற்காது. இடத்துக்கு வந்ததும் வேகத்தைக் குறைத்துவிடாதீர்கள். முந்தின லாரிக்கு முன்னால் போய் அறுபதுக்கு இறங்குகிறவரை அந்த லாரி மறுபடி முந்த வேண்டியிருக்கும்.

அடுத்து ஒரு சந்தேகம் வரும். முன்னால் இன்னொரு லாரி தெரிகிறதே, இடத்துக்கு வந்துவிட்டு மறுபடி வலதுக்குப் போக வேண்டுமா? நான் வைத்திருக்கிற அளவு இதுதான். இடத்துக்கு வந்தால் குறைந்தது பத்துப் பதினைந்து நொடி அங்கே நிம்மதியாக ஓட்ட முடியும் என்றால் வந்துவிடுங்கள். அதற்குள் அடுத்த வண்டி வந்துவிடும் என்றால் வலதிலேயே போய் அதையும் தாண்டிவிட்டு வாருங்கள். ஆனால் அந்த நேரத்தில் பின்னால் உங்களைவிட வேகமாக ஒருவர் வந்துவிட்டால், இடையில் இடம் இருக்கும்போதே ஒதுங்கி அவரை விட்டுவிடுங்கள்.

"நான் போர்டில் போட்டிருக்கிற உச்ச வேகத்தில்தான் போறேன், அதுக்கு மேல போறவனுக்கு நான் ஏன் வழி விடணும்?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர் வேகத்தைப் பிடிப்பது போலீஸ் வேலை. பின்னால் வருவது மஃப்டியில் போகிற போலீஸ் வண்டியா, காரில் கர்ப்பிணியை ஏற்றிக்கொண்டு ஓடுகிற குடும்பமா என்று கண்ணாடியில் தெரியப் போவதில்லை. ஒதுங்க இடம் இருந்தால் ஒதுங்குங்கள்.

வலதில் இருப்பதே சரியான நேரங்கள்

மீடியன் இடைவெளியில் வலப்பக்கம் திரும்பவோ யூ-டர்ன் அடிக்கவோ போகிறீர்கள் என்றால் முன்கூட்டியே வலதுக்கு வர வேண்டும். முந்நூறு நானூறு மீட்டருக்கு முன்பே இண்டிகேட்டர் போட்டு மாறி, வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். மூன்றடைப்பு, பொன்னாக்குடி போன்ற ஊர் விலக்குகளில் இடது தடத்திலிருந்து குறுக்கே பாய்ந்து திரும்புகிறவர்களால்தான் பயம். தாண்டிவிட்டால் தாண்டியதுதான், அடுத்த இடைவெளிக்குப் போய்த் திரும்பி வாருங்கள். ரிவர்ஸ் எடுக்கவும் வேண்டாம், எதிர்த்திசையில் ஓட்டவும் வேண்டாம். எதிர்த்திசையில் ஓட்டுவது 184-ஆம் பிரிவின்படி ஆபத்தான ஓட்டுதல், அதில் சிறைக்கும் இடமிருக்கிறது.

இடது தடத்தில் ரோடு வேலை, விபத்து, தண்ணீர் தேக்கம் என்றாலும் வலதில் போகலாம். திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகிற நாட்களில் பக்தர்கள் சாலையோரமாக இரவும் பகலும் நடந்து போவார்கள். அப்போது அவர்களுக்கு இடம் விட்டு வலது தடத்தில் போவது சரி. வேகத்தையும் குறைக்க வேண்டும். சுங்கச்சாவடிக்கு முன்னால் பாதைகள் பிரிகிற இடத்திலும் எந்தத் தடம் என்ற கேள்வி இல்லை.

உங்களுக்கு முன்னால் ஒருவர் வலதில் அடைத்துக்கொண்டு போனால்

இடப்பக்கமாகப் புகுந்து போகாதீர்கள் என்பதே என் முதல் யோசனை. வலது இண்டிகேட்டரைப் போட்டபடி நல்ல இடைவெளி விட்டுப் பின்னால் போங்கள். ஒருமுறை, இரண்டுமுறை ஹெட்லைட்டை டிப் அடியுங்கள். பகலில் ஒரு சிறிய ஹாரன். புதியவர்கள் பலருக்கு அதுவே போதும், சுதாரித்து ஒதுங்கிவிடுவார்கள். பம்பரை ஒட்டிக்கொண்டு, ஹைபீம் போட்டு விரட்டினால் முன்னால் இருக்கிறவர் பதறி இடப்பக்கம் திருப்புவார், அங்கே பைக் இருக்கும்.

அப்படியும் ஒதுங்கவில்லை என்றால் பொறுத்திருப்பது நல்லது. இடது தடம் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சுத்தமாக இருந்து, ஓரத்தில் ஆளோ வண்டியோ இல்லாமல், முன்வண்டி இடத்துக்கு வருகிற அறிகுறியும் இல்லாதபோது சிலர் அந்தப் பக்கம் தாண்டுவார்கள். புதியவர்கள் அதைச் செய்ய வேண்டாம். நீங்கள் இடத்துக்குப் போகிற அதே நொடியில்தான் அவருக்கும் ஒதுங்கத் தோன்றும்.

இடம் பார்த்து ஓட்டுவது

பணகுடியிலிருந்து காவல்கிணறு வரை, அப்படியே ஆரல்வாய்மொழி பக்கம் முப்பந்தல் வரை, ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான மாதங்களில் காற்று மேற்கிலிருந்து அடிக்கும். காற்றாடிகள் அங்கே நிற்பது சும்மா இல்லை. தெற்கே போகும்போது இந்தக் காற்று உங்கள் வலப்பக்கத்திலிருந்து வந்து, முந்துகிற லாரியை நோக்கி வண்டியைத் தள்ளும். வடக்கே வரும்போது நிலைமை வேறு. லாரியின் மறைவில் இருக்கிறவரை காற்றே தெரியாது. லாரியைத் தாண்டின கணத்தில் இடப்பக்கத்திலிருந்து ஓங்கி அடித்து மீடியனை நோக்கித் தள்ளும். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளுங்கள், வேகத்தைக் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள், தாண்டியதும் தள்ளல் வரும் என்று எதிர்பார்த்தே தாண்டுங்கள். மாருதி ஆல்டோ மாதிரி சின்ன வண்டிகளும் உயரமான வேன்களும் இங்கே தனிக் கவனம் வைக்க வேண்டும்.

தூத்துக்குடி சாலை கிழக்கு மேற்காக ஓடுகிறது. காலையில் வேலைக்குத் தூத்துக்குடி போகிறவருக்கும் சாயங்காலம் திருநெல்வேலி திரும்புகிறவருக்கும் சூரியன் முகத்துக்கு நேராக இருக்கும். கண் கூசும்போது இடது தடத்தில் மெதுவாகப் போங்கள். அந்த நேரத்தில் முந்தினால் மீடியன் இடைவெளியில் குறுக்கே வருகிற பைக் தெரியாது. வல்லநாட்டில் தாமிரபரணிப் பாலத்தை நெருங்கும்போது இரண்டு தடமும் ஒன்றாகச் சுருங்குகிற நிலை வரலாம். அந்தப் பாலம் சேதமாகி ஒருபக்கப் போக்குவரத்தாக ஓடியதை இந்தச் சாலையில் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். போர்டு தெரிந்த உடனே ஒரு தடத்தில் சேர்ந்துகொள்ளுங்கள்.

ஐப்பசி கார்த்திகை மழையில் சிலர் பார்க்கிங் லைட் என்று சொல்லி நான்கு இண்டிகேட்டரையும் எரியவிட்டே ஓட்டுகிறார்கள். அப்படி ஓட்டினால் நீங்கள் தடம் மாறுவது யாருக்கும் தெரியாது. மழையில் ஹெட்லைட்டை டிம்மில் போட்டால் போதும், அந்த நான்கு விளக்கும் நின்றுபோன வண்டிக்கு.

ராத்திரி

ராத்திரியில் வலது தடம் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் அதிகம். இடப்பக்கம் விளக்கில்லாமல் லாரி நிற்கும் என்ற பயம் நியாயமானது. ஆனால் மீடியன் இடைவெளியில் திரும்பாமல் எதிர்த்திசையில் ஏறிவிடுகிற பைக், மீடியனை ஒட்டி உங்கள் வலது தடத்திலேயே வரும். மீடியனில் வளர்ந்த அரளிச் செடிக்குள்ளிருந்து மாடும் வரும், ஆளும் வருவார். 80 வேகத்தில் பார்த்து, கால் வைத்து, வண்டி நிற்க 60 முதல் 70 மீட்டர் ஆகும். டிம் வெளிச்சம் அவ்வளவு தூரம் எட்டாது. எனவே இரவில் தீர்வு தடத்தில் இல்லை, வேகத்தில் இருக்கிறது. இடது தடத்தில், வெளிச்சம் எட்டுகிற தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகத்தில் போங்கள். வண்டி பழுதாகி நின்றால் ஓரத்தில் முழுக்க ஒதுக்கி, முக்கோணப் பலகையை நன்றாகப் பின்னால் தள்ளி வையுங்கள், ஆட்கள் வண்டிக்குள் இருக்க வேண்டாம். நெடுஞ்சாலை உதவிக்கு 1033, ஆம்புலன்ஸுக்கு 108.

நிறுத்தினால், சலான் வந்தால்

போலீஸ் கை காட்டினால் இண்டிகேட்டர் போட்டு இடப்பக்கம் ஒதுக்கி நிறுத்துங்கள். லைசென்ஸ், ஆர்.சி., இன்ஷூரன்ஸ், புகைச் சான்றிதழ் ஆகியவை டிஜிலாக்கரிலோ மத்திய அரசின் எம்பரிவாகன் செயலியிலோ இருந்தால் அதுவே செல்லும், காகிதம் கட்டாயமில்லை. என்ன குற்றம், எந்தப் பிரிவு என்று மரியாதையாகக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. "சார், லாரியைத் தாண்டிட்டு இடத்துக்கு வரத்தான் போனேன்" என்று நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். வாக்குவாதம் வேண்டாம். கையில் பணம் கொடுக்காதீர்கள். மெஷினில் சலான் போட்டு, ரசீதோடு கட்டுவதுதான் முறை. ஒப்புக்கொள்ள மனமில்லை என்றால் அங்கேயே கட்டியாக வேண்டும் என்றில்லை, பிறகு முறைப்படி ஆட்சேபிக்கலாம்.

கேமரா மூலம் பதிவான குற்றமாக இருந்தால் செய்தி செல்போனுக்கு வரும். 2021-இல் சேர்க்கப்பட்ட 167ஏ விதி, மின்னணு முறையில் பதிவான குற்றத்துக்கு 15 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்றது. செய்தி வந்ததும் அதிலிருக்கும் இணைப்பைத் தொடாதீர்கள். வாட்ஸ்அப்பில் "உங்கள் வண்டிக்குச் சலான்" என்று சொல்லி ஏபிகே கோப்பு (செல்போனில் செயலியை நிறுவுகிற கோப்பு) அனுப்பி வங்கிக் கணக்கைக் காலி செய்கிற மோசடி நாடு முழுக்க நடக்கிறது. அரசாங்கம் ஏபிகே அனுப்பாது. பிரவுசரைத் திறந்து, பரிவாகன் இ-சலான் தளத்துக்கு நீங்களாகப் போங்கள். முகவரி ஜிஓவி டாட் இன் என்று முடிகிறதா என்று பாருங்கள். சலான் எண், வண்டி எண், லைசென்ஸ் எண் மூன்றில் ஒன்றைக் கொடுத்தால் விவரம் வரும். வண்டி எண் கொடுத்தால் சேசிஸ் அல்லது என்ஜின் எண்ணின் கடைசி இலக்கங்களையும் கேட்கும், ஆர்.சி.யைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

திறந்ததும் முதலில் போட்டோவைப் பாருங்கள். நம்பர் பிளேட்டில் ஓர் எழுத்து மாறிப் படிக்கப்பட்டு வேறு வண்டியின் குற்றம் உங்கள் பேரில் வருவதுண்டு. வண்டியின் நிறம், மாடல், இடம், நேரம் எல்லாம் பொருந்துகிறதா என்று பார்த்து, பொருந்தவில்லை என்றால் அதே தளத்தில் புகார் பதிவு செய்யுங்கள். அன்று வண்டி எங்கே இருந்தது என்பதற்கு டோல் பதிவு, பெட்ரோல் பில் எதுவாக இருந்தாலும் எடுத்து வையுங்கள். உங்கள் குற்றம்தான் என்றால் கட்டிவிட்டு ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். நாள் கடத்தாதீர்கள், வண்டியை விற்கவோ பெயர் மாற்றவோ போகும்போது தேங்கி நிற்கிற சலான் முன்னால் வந்து நிற்கும்.

பழைய வண்டி வாங்கியவர்கள் ஒன்றைக் கட்டாயம் செய்ய வேண்டும். ஆர்.சி.யில் இருப்பது முந்தைய உரிமையாளரின் செல்போன் எண்ணாக இருந்தால், உங்கள் சலான் செய்தியெல்லாம் அவருக்குத்தான் போகும். பெயர் மாற்றும்போதே பரிவாகன் தளத்தில் உங்கள் எண்ணைச் சேர்த்துவிடுங்கள். வாங்குவதற்கு முன்பு அந்த வண்டி எண்ணைப் போட்டு நிலுவைச் சலான் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இருந்தால் விற்கிறவரையே கட்டச் சொல்லி, ரசீதைக் கையில் வாங்கிய பிறகு முன்பணம் கொடுங்கள்.